தட்டு ஓரத்துப் பருக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்தாயா?

இந்த ஊட்டச்சத்து முகாமில் தொண்டர்களான எங்களுக்குப் பிள்ளைகளை எடை பார்க்கும் வேலை. தராசில் உட்கார வைத்தாலே ஊரைக் கூட்டிவிடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை கேள். நான் சாப்பிட்டு முடித்ததும் சமையல்கார அக்கா என் தட்டை மட்டும் தினமும் போனில் படம் எடுப்பார். அதிகமாகத் தின்கிறேன் என்று மேலாளரிடம் போட்டுக்கொடுக்கத்தான் என்று நினைத்து, ஒரு வாரமாக மறுசோறு வாங்காமலே எழுந்தேன். நேற்று கேட்டேவிட்டேன்.

"உங்க அம்மாவுக்குத்தான் அனுப்புறேன். நீ ஒழுங்கா சாப்பிடுறியான்னு பாக்கணுமாம். நானும் அவங்க தட்டை அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்று சிரித்தார்.

அவசரத்துக்கென்று நான் உனக்குக் கொடுத்த அக்காவின் நம்பர் இதற்குத்தானா?

நீ அனுப்பிய படங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாமே காலித் தட்டு. எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே ஒரு பருக்கை, அதே இடத்தில். என்றோ எடுத்த படத்தையே தினமும் அனுப்புகிறாயா? போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் உன் பழைய போர்வையைக் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம், அப்படியே கொடு.

முகாம் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்கிறார், கிளம்புகிறேன். காலித் தட்டை இனி நம்பமாட்டேன். சோற்றோடு, உன் முகமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு.

உன் மகள்