ஒரு மூடி தூள்

ஜூன் 3, செவ்வாய்

கறுப்பு பேன்ட்டில் மறுபடியும் வெள்ளைத் திட்டு. ஈரத்துணியால் துடைத்தால் மறைகிறது, காய்ந்ததும் எட்டிப் பார்க்கிறது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி, "என்னப்பா, பாப்பாவுக்குப் பவுடர் போடும்போது உனக்கும் சேர்த்துப் போட்டுக்கிட்டியா?" என்றாள். ஆமாம் என்று சிரித்து வைத்தேன். பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சலவையைப் பற்றி ஊர் பேசுகிறது.

சலவைத் தூள்தான். அலசலில் போகாமல் துணியிலேயே ஒட்டிக்கொள்கிறது. இவரிடம் சொன்னால், "கெமிஸ்ட்ரி படிச்சவ நீ. தூள் ஏன் கரையலைன்னு என்கிட்ட கேக்கறே?" என்கிறார்.

அத்தை காலமான பிறகு துவைப்பது இவருடைய அப்பா, மாமாதான். நாங்கள் கொடுத்த வேலை இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. பகலில் எங்கள் பாப்பா பட்டாணியும் அவர் பொறுப்பு. அவர் இல்லையென்றால் நான் வேலைக்குப் போவதைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஜூன் 5, வியாழன்

பட்டாணியின் கழுத்து மடிப்பில் சிவப்பு சிவப்பாய் இருக்கிறது. சட்டைக் காலரைத் தடவினால் நறநறவென்கிறது. ஐயோ, இதைத்தான் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தாளா.

மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். "தூள்ல கோளாறும்மா. இப்பல்லாம் சுண்ணாம்பைக் கலந்து விக்கறான். நான் என்னைக்கும் ஒரு மூடிதான் போடறேன்" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர், எதிலும் அவசரம் கிடையாது. பட்டாணியைத் தள்ளுவண்டியில் வைத்தால்கூட, "கண்ணாடியைப் பாரு, சிக்னலைப் போடு, இப்ப மெதுவா கிளட்ச்சை விடு" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் நகர்த்துவார். அவளும் ஏதோ புரிந்த மாதிரி உதட்டைக் குவிப்பாள்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டு. தூள் போடும் தட்டைக் கழற்றினால் உள்ளே கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். துணியைத் திணிக்காமல் பாதி டிரம் மட்டும் போட்டேன். தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கடைசியில் இன்னொரு அலசல். பேன்ட் பளிச்சென்று வந்தது. ஒரு திட்டு இல்லை.

அப்படியானால் தூள் நல்ல தூள்தான். மெஷினும் நல்ல மெஷின்தான்.

நாளைக்கு மறந்துவிடக் கூடாதே என்று மெஷின் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன், பெரிய எழுத்தில்: "தூள் ஒரு மூடி போடவும்." மாமா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "எனக்கே எல் போர்டா?" என்று சிரித்தார். கோபம் இல்லை. இருந்தாலும் எனக்கு உறுத்தியது.

ஜூன் 9, திங்கள்

பட்டாணிக்கு மலச்சிக்கல். முக்கி முக்கி அழுகிறாள், பால் புட்டியைத் தள்ளிவிடுகிறாள். டாக்டரம்மா தோலுக்குக் களிம்பு கொடுத்தார். "பால் கெட்டியாக் கரைக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல மேடம், மாமா அளவு தப்பவே மாட்டார்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

சீட்டு ஒட்டிய பிறகு திட்டு அதிகமாகியிருக்கிறது. இதென்ன கூத்து. இவருடைய நீலச் சட்டையில் முதுகு முழுக்க வெள்ளை. நான் எரிந்து விழுந்தேன். இவர், "வேற சட்டை இல்லையா எனக்கு? விடு. நீ எதுக்குத்தான் கவலைப்படாம இருந்திருக்கே" என்றார்.

உண்மைதான். நான் கவலைப்படப் பிறந்தவள். ஆனால் கவலைப்படுகிறவள் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா?

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காலையில் சமையலறையில் இருந்தேன். அங்கிருந்து மெஷின் தெரியும். மாமா துணியைப் போட்டார். சீட்டைப் படித்தார். ஒரு மூடி தூள் போட்டார். பட்டாணி சிணுங்கினாள். "வந்துட்டேன் முதலாளி" என்று போனார், தட்டிக்கொடுத்தார், திரும்பி வந்தார். மெஷின் முன்னால் நின்றார். சீட்டைப் படித்தார். ஒரு மூடி போட்டார். ஜன்னலை மூடிவிட்டு வந்தார். சீட்டைப் படித்தார் —

அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, எவ்வளவு கவனமாகப் படித்தார். ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை.

நான் ஒட்டிய சீட்டு. சொன்ன சொல் தவறாமல் அதன்படி செய்திருக்கிறார் மனுஷர்.

பிறகுதான் சட்டென்று பால் மாவு நினைவு வந்தது. டப்பாவைத் திறந்தேன். புதுசாய்ப் பிரித்து நாலு நாள்கூட ஆகவில்லை. கரண்டி அடியில் தட்டியது. என் குழந்தை எதைக் குடித்துக்கொண்டிருந்தது? டாக்டரம்மா கேட்டாரே, வாய் நிறைய "இல்லை" என்றேனே.

இவரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. வயசாகுது, அவ்வளவுதான்" என்றார். டப்பாவைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவே இல்லை.

ஜூன் 18, புதன்

மாமாவை டாக்டரிடம் காட்டினோம். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார்கள். மாமா, "கல்யாணத்துக்கு நாள் பாக்கறீங்களா டாக்டர்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பதில் மட்டும் வரவில்லை. ஞாபகம் குறைகிறது, மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், நிறுத்தாது என்றார் டாக்டர். குழந்தையை அவரிடம் தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார்.

வரும் வழியில் இவர், "பட்டாணியையும் அவர்கிட்டேருந்து எடுத்துட்டா அவருக்கு என்ன இருக்கு?" என்றார். எனக்கும் அதேதான். வேலையை விட்டால் வீட்டு வாடகை நெருக்கும், அது வேறு. ஆனால் அதைவிட, பட்டாணி அழுதால் அந்த மனுஷர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே.

ஜூன் 19, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். சீட்டைக் கிழித்தாயிற்று. தூள் டப்பாவில் தினம் காலையில் ஒரு மூடி அளவு மட்டும் போட்டு வைக்கிறேன், மீதி மூட்டை பரண் மேல். இரண்டாவது தடவை வந்தால் டப்பா காலி. போட்டாயிற்று என்று அவருக்கே புரிந்துவிடும். பால் புட்டிகளிலும் மாவை நானே அளந்து வைக்கிறேன். அவர் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும். மாடி வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், நடுவில் இறங்கி வந்து எட்டிப் பார்ப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

துணியில் திட்டு இல்லை. பட்டாணியின் கழுத்து ஆறிவிட்டது, வயிறும் சரியாகிவிட்டது. டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. இருந்தாலும்... இப்படியே ஓடிவிடாதா?

ஜூலை 2, புதன்

பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து போன். "பதறாதே. பாப்பா என் இடுப்புல இருக்கு. வாசக்கதவு விரியத் திறந்து கிடந்துச்சு, உள்ள இவ தனியாக் கத்திக்கிட்டிருந்தா. பெரியவரைக் காணோம்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டேன். கட்டில் விளிம்பு வரை உருண்டிருந்தாளாம். இன்னும் ஒரு சாண்.

இவர் தெருத் தெருவாகத் தேடினார். மூன்று தெரு தள்ளி, நாற்சந்தியில், சலவைத் தூள் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார் மாமா. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊருக்கே வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தவர்.

வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் பாக்கெட்டை நீட்டினார். "தூள் தீந்து போச்சும்மா. துணி நனைஞ்சு கிடக்கு, நாத்தம் வந்துடுமேன்னு போனேன்." அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார், அழுது வீங்கிய பட்டாணியைப் பார்த்தார். "இவளை... நான் யார்கிட்ட விட்டுட்டுப் போனேன்?"

நான் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டப்பா காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அவருக்குப் புரியும் என நினைத்தேன். அவருக்குப் புரிந்தது தீர்ந்துவிட்டது என்று. சரியாகத்தானே புரிந்திருக்கிறது. யாராய் இருந்தாலும் கடைக்குத்தான் போவார்கள்.

ஜூலை 3, வியாழன்

போன வருஷம் கை நடுங்க ஆரம்பித்தபோது, ஸ்கூட்டர் சாவியை மாமாவே இவரிடம் கொடுத்தார். "பிடுங்கற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாதுடா" என்றார் அன்றைக்கு.

இன்று காலை நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா குளித்து, தலைவாரி வந்தார். வீட்டுச் சாவியை மேஜை மேல் வைத்தார், என் பக்கமாகத் தள்ளினார்.

"இனிமே வண்டியை நீ ஓட்டும்மா. நான் பின் சீட்டுல உக்காந்துக்கறேன்."

"மாமா, அதெல்லாம் —"

"அழாதே. அழுதுக்கிட்டு ஓட்டினா ரோடு தெரியாது."

ஜூலை 14, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இப்போது துவைப்பது நான். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெஷின் குலுங்கினால் அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறார். ஆபீஸ் இல்லை, இருந்தாலும் கறுப்பு பேன்ட்டைத் துவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாமாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திட்டு போயிடுச்சே. என்ன கோளாறும்மா? மெஷினா, தூளா?"

"தூள்தான் மாமா. மாத்திட்டேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.