நீ நேர்ந்துகொண்ட படிகள்

என் கஸ்தூரிக்கு, போன இடத்திலாவது முட்டிவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறாயா?

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்பார்களே, அதனால் காத்திருந்தேன். போன வாரம் திருப்பதிக்குப் போய், அலிபிரியிலிருந்து நடந்தே ஏறி, உன் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தேன். இவரா என்று சிரிக்கிறாயா? சிரி, சிரி. கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள்தானே நான்.

வேலூரில் என் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தபோது நீ நேர்ந்துகொண்டாய். இவர் பிழைத்து எழுந்தால், மலைக்குப் போகிற ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறேன் என்று. நான் எழுந்துவிட்டேன். மறுபடி தறியும் ஓட்டினேன். வெயில் குறையட்டும் போகலாம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதே ஜுரம் வந்து படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. இது என்ன நியாயம்? யாரைப் போய்க் கேட்பேன்?

நகரியில் பகல் நேரம் எப்படியோ ஓடிவிடுகிறது, நாலு பக்கமும் தறிச் சத்தம் இருக்கிறது. கரெண்டு போனால்தான் கஷ்டம். தெருவே சட்டென்று அடங்கிவிடும். "கரெண்டு பூட்ச்சி, டீ வெக்கட்டா?" என்று உள்ளேயிருந்து கேட்பாயே, அதற்கு இப்போது ஆளில்லை. பெங்களூரிலிருந்து நம்ம சுமதி தினமும் போன் பண்ணி, "துன்னியா நைனா?" என்கிறாள். துன்னேன் என்கிறேன். பாதி நாள் பொய்தான்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த ஒன்றை முடித்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை, சீக்கிரம் உன்னிடம் வந்து சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த நினைப்போடுதான் மலை ஏறினேன்.

விடியும்போதே அடிவாரத்தில் ஆரம்பித்தேன். ஒரு கையில் மஞ்சள், ஒரு கையில் குங்குமம். குனிந்து வைப்பதும் எழுந்து மூச்சு வாங்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"அண்ணா, ஓ அண்ணா! படி மேலயே வெச்சிக்கினு போறீங்களே, எல்லாரும் மிதிச்சிக்கினு வர்றாங்க பாருங்க. முன்பக்கம் வெக்கணும்ணா."

திரும்பிப் பார்த்தேன். ஐயோ கஸ்தூரி! கால் வைக்கிற இடத்தில் அல்லவா வைத்திருக்கிறேன். நான் வைத்ததெல்லாம் ஏறுகிறவர்கள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. வீட்டு நிலைப்படிக்குக்கூட ஒரு நாளும் மஞ்சள் பூசாதவனுக்கு என்ன தெரியும்? அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்ப இறங்கி முதலிலிருந்து வைக்க என் நெஞ்சில் தெம்பு இல்லை.

அவள் பேர் ரேணுகாவாம், குப்பம் ஊர்க்காரி. அக்கம்பக்கத்துப் பெண்களோடு தன் வேண்டுதலுக்கு வந்தவள்.

"எவரி கோசம்ணா?" என்றாள். யாருக்காக என்று கேட்கிறாள்.

"என் சம்சாரம் நேர்ந்துக்கினது. அவ இல்லம்மா. நானே கெடுத்துட்டேன்."

"பர்வாலேதுண்ணா, பரவால்ல. அக்கா பேரு சொல்லுங்க."

சொன்னேன். அவர்களுக்குள் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி வந்த படியெல்லாம் மறுபடி இறங்கிப் போனார்கள், முதல் படிக்கு! "வேணாம்மா, வேணாம்மா" என்று நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை. என் பையை ஒருத்தி தோளில் மாட்டிக்கொண்டாள். என்ன ஆளு, எந்த ஊரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நடுவழியில் காலிகோபுரத்தருகே அவர்களுக்காகக் காத்திருந்தோம். இறங்கிப் போனவர்கள் முதல் படியிலிருந்து உன் பேருக்கு வைத்துவிட்டு, வியர்வையில் குளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதற்கு மேல் எல்லோரும் சேர்ந்தே வைத்தோம். தங்கள் வேண்டுதலுக்கு ஒரு பொட்டு, பக்கத்தில் "கஸ்தூரி அக்காக்கு" என்று ஒரு பொட்டு. உன் முகம் பார்க்காதவர்கள் உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் குனிந்தார்கள். சாமி எங்கே இருக்கிறார் என்று உன்னைக் கேலி பண்ணுவேனே, அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசிப் படி தாண்டியதும் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எனக்கும் நீட்டினாள் ரேணுகா.

"வேணாம்மா. வந்த வேலை முடிஞ்சிது. இனிமே துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா."

"அக்கா எதுக்குண்ணா வேண்டிக்கினாங்க?"

சட்டைப் பித்தானைத் திறந்து நெஞ்சில் இருக்கிற தழும்பைக் காட்டினேன். ரேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்போ நாங்க இத்தினி படி குனிஞ்சது இன்னாத்துக்குண்ணா? நீங்க நல்லா இருக்கணும்னுதானே! துன்னுங்க முதல்ல!"

பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை. தரிசன வரிசையில் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள்.

வீடு இன்னும் அதே வீடுதான். பூட்டைத் திறந்தால் உள்ளே யாருமில்லை. அது சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பேச்சுத்துணை இல்லாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று, கஸ்தூரி. இந்த உசுரை நீ ஒருத்தி கேட்டு வாங்கியதாக இருந்தால் நான் உன்னிடம் மல்லுக்கு நின்றிருப்பேன். இப்போது முன்பின் தெரியாத பெண்களும் இதற்காகக் குனிந்துவிட்டார்கள். அவர்களிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்? அதனால் நானாக அவசரப்பட்டுக் கிளம்ப மாட்டேன். நீ கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், சுமதியின் நைனா