பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

ராஜபாளையம்
14.6.96

அன்பு மகள் இந்திராணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். டேப் ரெக்கார்டருக்குத்தான் சுகமில்லை என்று நினைத்தோம், அதுவும் சௌக்கியம் என்று மெக்கானிக் மாரிச்சாமி சொல்லிவிட்டான். பம்பாயில் மழை பிடித்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது, குடை இல்லாமல் வேலைக்குப் போகாதே.

நீ அனுப்பிய கேசட் வந்தது. கம்ப்யூட்டரில் நீயே தாளம் தாளமாகக் கோர்த்துச் செய்தது என்று எழுதியிருந்தாய். போட்டால் ஒரு தாளம் மூன்று மூன்றாகத் தட்டுகிறது, இன்னொன்று நாலு நாலாகத் தட்டுகிறது, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது போல. டேப் ரெக்கார்டரில் பெல்ட் நழுவுகிறது என்று மாரிச்சாமியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் கழற்றி ஹெட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மிஷின் நல்லாத்தான் இருக்கு, புள்ளைக்குத்தான் என்னமோ ஆயிருச்சு" என்றான். பிறகுதான் அம்மா உன் கடிதத்தை மறுபடி வாசித்தாள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறாயாம், பன்னிரண்டு தட்டு முடிந்ததும் இரண்டும் ஒன்றாக வந்து விழுமாம். இதற்குத்தான் பம்பாய் போனாயா என்று நான் கேட்கவில்லை, நினைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை கோர்ட்டில் உத்தியோகம். இரண்டு டப்பா பால்கோவாவோடு அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். உன் போட்டோவைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. பொண்ணு பாடுமா என்று அந்த அம்மா கேட்க, எனக்கு எங்கே போயிற்றோ புத்தி, உன் கேசட்டைப் போட்டுவிட்டேன். கை கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார்கள். செத்த நேரம் கழித்து அந்த அம்மா, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அது முடியப் போகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? தாய்மாமன் எழுந்து டேப்பின் தலையில் ரெண்டு போடு போட்டார், அதுவும் தாளத்தோடு நன்றாகவே பொருந்தியது. உன் அம்மாவோ காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வரும்போதெல்லாம் "இந்தா சேந்துருச்சு" என்று சத்தம் போட்டாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் சம்மதம் என்றார்கள். "கல்யாணத்துக்குப் பொறவு இந்த டொக்கு டொக்கெல்லாம் வேண்டாம், வேலையையும் விட்டுட்டு வந்துரணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தாய்மாமன் பன்னிரண்டு வருமுன்னே டேப்பை அணைத்தார். பொய் சொல்வானேன், நான் தலையாட்டவே பார்த்தேன். சர்க்கார் உத்தியோகம், பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் மகள் வீடு. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. அம்மாதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், "ஏங்க, சேர்ற எடம் வாரதுக்குள்ள அணைக்கிறவிய வீட்டுல எம்புள்ள எப்படிங்க இருப்பா?" அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய், இப்போது வேண்டாம் என்று சொல்லி ஏற்றிவிட்டு வந்தேன். பால்கோவாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது. ருசியாகத்தான் இருந்தது.

இனி அனுப்பும் கேசட்டில் முதலில் ஒரு சாமி பாட்டைச் சேர்த்துவிடு, யாராவது வந்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. எனக்கு இன்னும் உன் தாளம் பிடிபடவில்லை, மூன்றை எண்ணினால் நாலு நழுவுகிறது, நேற்று ஒரே ஒரு தரம் சேர்ந்தது, அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ அங்கே உன் கணக்கில் தட்டு, நாங்கள் இங்கே எங்கள் கணக்கில் இருக்கிறோம். தீபாவளிக்கு மட்டும் தவறாமல் வந்து சேர்.

குறைவில்லாமல் இரு தாயி.

உன் அப்பா,
சோ. சங்கையா