புறாக்கூட்டோடு மாப்பிள்ளையாகப் போனவருக்கு

என் செல்ல மூத்தாப்பா, நீங்கள் உறங்கும் மண்ணறையை அல்லாஹ் குளிர்மையாக்கி வைக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை எனக்குக் கலியாணம்! பொண் சம்மாந்துறை. உங்கள் காதில்தான் முதலில் போட வேண்டும். பேஸ்புக்கில் எழுதுவதால் ஊரே வாசிக்கும், வாசிக்கட்டும். வெளியூர்க்காரருக்கு மட்டும் ஒரு விளக்கம்: மூத்தாப்பா என்றால் உம்மாவின் வாப்பா; எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பொண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும்.

அதுதான் பயம். என் சாமான்களைப் பார்த்தீர்களா? இரண்டு கம்பியூட்டர் திரை, மைக், ட்ரோன், மீன் தொட்டி. நேற்று பொண்ணின் உம்மா, அதுதான் என் மாமி, போனில், "மருமகன், சாமான் கனக்க இரிக்கா?" என்று கேட்டா. வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்னொருவர் வீட்டில் எனக்கும் என் பைத்தியங்களுக்கும் சேர்த்து இடம் கிடைக்குமா?

உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஐம்பதுகளில் நீங்கள் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போன கதையை எத்தனை தரம் சொல்லவைத்துக் கேட்டிருப்பேன்! உங்களுக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி. அதில் கிராமபோன், பெட்டிக் கமரா, நீங்களே ஒட்டுக்கட்டிய ரோசாச் செடிகள், காய் நகர்த்தி ஆடும் டாம் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே புறாக்கூடு. வாசலில் நின்ற உங்கள் மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம், "மாப்பிள வாராரா, கடை வருதாகா?" என்றாவாம்.

"ரெண்டும்தான் மாமி" என்றீர்களாம் நீங்கள். நானாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

கொஞ்ச நாளில் புறாக்களைத் திறந்துவிட்டீர்கள். அவை நேரே மருதமுனைக்கு, உங்கள் உம்மா வீட்டுக் கூரைக்கே பறந்துவிட்டன. பிடித்துக்கொண்டு வருவீர்கள், திறப்பீர்கள், திரும்பவும் போய்விடும். பின்னேரமானால் நீங்கள் சைக்கிளில் கல்முனைச் சந்தியைத் தாண்டி உம்மா வீட்டுக்குப் போவதை ஊரே பார்த்தது. புது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போகிறார் என்று கதை கட்டிவிட்டார்கள். கடைசியில் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரே சமாதானம் பேச வந்துவிட்டார்!

"என்ன மனே, பொஞ்சாதியோட ஏதும் சோலியா?"

"அல்லாஹ்வே! அவவோட ஒண்டுமில்ல மரைக்கார். புறாவோடதான் சோலி."

மரைக்கார் சிரித்தாராம். உங்கள் மாமி சிரிக்கவில்லை. பாவம், வெளியே தலைகாட்ட முடியாத வெட்கம் அவவுக்கு. நீங்கள் அதைக் கண்டுவிட்டு, புறாக்களை விற்றுவிடுகிறேன் என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் அவ இளகிவிட்டா.

"விக்க வேணாம் மருமகன். அடைச்சி வெச்சி நெல்லப் போடுங்க. இஞ்ச முட்ட இட்டுக் குஞ்சு பொரிச்சா, மறுகா எங்கயும் போகா."

குசினிக்குப் பக்கத்தில் விறகு வைத்திருந்த கொட்டிலையும் ஒதுக்கித் தந்தாவாம். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபோது கூடு திறந்தே கிடந்தது. ஒரு புறாவும் மருதமுனைப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு நெல் வீசியதும் மாமிதான், டாம் விளையாட்டில் உங்களைத் தோற்கடித்ததும் மாமிதான். "நான் உட்டுக் குடுத்தன்" என்பீர்களே, அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை!

மூத்தாப்பா, நம்பமாட்டீர்கள்! இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சம்மாந்துறையிலிருந்து வட்ஸ்அப். ஓர் அறையைக் காலிசெய்து, வயரிங் வேலை செய்கிற பாஸ் சுவரில் துளை போடுகிற படம். கீழே மாமியின் குரல்: "மருமகன், பிளக் எத்தின வேணும்? இப்பயே சொல்லுங்க, மறுகா செவர ஒடைக்க ஏலா!"

கண் கலங்கிவிட்டது. மீன் தொட்டி உட்பட எல்லாவற்றையும் படமெடுத்து, ஒன்றையும் மறைக்காமல் அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமை தொடக்கம் அந்த வீட்டைப் "பொண் வீடு" என்று வாய் தவறியும் சொல்லமாட்டேன். "எங்கட வீடு" என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகளின் கடைக்குட்டி,
சம்மாந்துறை மாமியின் மருமகன்.