இருபத்தேழாம் பக்கத்துப் படம்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு மூன்று கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றில் ஏழு மருத்துவர்களின் பெயர். அதில் ஒருவரை போனில் பிடித்தால், இப்படி ஒரு கட்டுரை எழுதப்பட்டதே தனக்குத் தெரியாது என்கிறார். இன்னொன்றில் ஆய்வு தொடங்கி நாலு மாதம் கழித்துத்தான் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவதில் அனுமதிக் கடிதமே இல்லை. "பிறகு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி மட்டும். பிறகு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் சிரித்தார். அவர் அறுவை மருத்துவர். பகலெல்லாம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் எங்கள் மருத்துவ இதழ். "டோல்கேட்டம்மா, இன்னைக்கு எத்தனை வண்டியை மடக்கினீங்க?" பன்னிரண்டு வருடமாக இந்தப் பட்டப்பெயர். கோபித்துக்கொள்ளலாம் என்று பார்ப்பேன், கோபம் வராது. உள்ளுக்குள் குளுகுளு என்று இருக்கும். நான் மருத்துவர் இல்லை, இதழின் நிர்வாகச் செயலாளர். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாதி. ஆனால் எவ்வளவு பெரிய பேராசிரியர் எழுதியதானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகவேண்டும்.

அடுத்த மாதம் சர்வதேசப் பட்டியல் குழு எங்கள் இதழைப் பரிசீலிக்கிறது. அதில் சேர்ந்துவிட்டால் எந்த மூலையில் இருக்கும் டாக்டர் தேடினாலும் எங்கள் கட்டுரை கிடைக்கும். ஆறு வருட உழைப்பு. கிடைத்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.

பிப்ரவரி 12, புதன்

குழுவுக்காகப் பழைய இதழ்களை அடுக்கி வைத்தேன். என் வேலையில் ஒரு ஓட்டை காட்டச் சொல் பார்ப்போம் என்று வீட்டில் இவரிடம் மார்தட்டினேன். "காபியில சர்க்கரை போடலை" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் போன் செய்தார். தையல்காரராம். "மேடம், உங்க போன மாசப் புத்தகத்துல இருபத்தேழாம் பக்கத்துல இருக்கறது நான்தான்."

சில நோயாளிகள் பிரதி கேட்டுக் கூப்பிடுவதுண்டு. அந்த நினைப்பில், "சந்தோஷம்மா, எத்தனை பிரதி வேணும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பிரதிக்காகக் கூப்பிடவில்லையாம். அப்புறம் சொன்னார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் நர்ஸ். இணையத்தில் எங்கள் இதழைப் பார்த்திருக்கிறார், பார்த்ததை நாலு பேருக்கு அனுப்பியும் விட்டார். கழுத்துக் கட்டி, காசநோய் என்று தெருவெல்லாம் பேச்சு. "தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போறாங்க மேடம். என் கை பட்டா ஒட்டிக்குமாம்."

"கண்ணை மறைச்சுத்தானே போட்டிருக்கோம்" என்றேன். இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

"என்னைத் தெரிஞ்சவங்களுக்கு என் கண்ணு எதுக்கு மேடம்?"

போனை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். கண்களின் மேல் கறுப்புப் பட்டை சரியாகத்தான் இருந்தது. பட்டைக்குக் கீழே தாடையில் ஒரு மச்சம். கழுத்துக் கட்டி தெரிவதற்காக அளவு டேப்பைத் தோளுக்குத் தள்ளியிருக்கிறார். நுனி பிரிந்த டேப்பைச் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறார். அந்தத் தெருவில் அளவு கொடுத்த அத்தனை பேரும் பார்த்த டேப்.

அதோடு போகவில்லை. கோப்பில் இருந்த சம்மதப் படிவத்தை எடுத்தேன். கையெழுத்து இருக்கிறது. எதற்குச் சம்மதம்? கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க! படத்தை வெளியிடுவது பற்றி ஒரு சொல் கிடையாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு படிவத்துக்குப் பதில் இன்னொன்றை அனுப்பியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக். பச்சை மை இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்தேன், காகிதத்தைப் படிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளாம். என்ன பார்த்தேனோ!

பிப்ரவரி 14, வெள்ளி

இணையத்திலிருந்து படத்தை நேற்றே எடுத்தாயிற்று. கட்டுரையை அனுப்பிய டாக்டர் போனில் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்.

ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "படம்தான் போயிடுச்சே. காதும் காதும் வச்ச மாதிரி விட்டுடுவோம். அறிவிப்பு கிறிவிப்புன்னு போட்டா பட்டியல் குழு கண்ணுல முதல்ல அதுதான் படும்."

எனக்கு வந்ததே ஆத்திரம். அவர் மேலா, என் மேலா? "அச்சான புத்தகம் ஐந்நூறு வெளியே இருக்கே டாக்டர், அதையும் காதும் காதும் வச்சா எடுக்க முடியும்? மத்தவங்க பூசி மெழுகினா விடமாட்டோம்ல? நமக்கு மட்டும் தனிப் பாதையா?" குரல் உயர்ந்துவிட்டது. அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை.

"ஆறு வருஷம்மா" என்றார், மெதுவாக. வெளியே வந்துவிட்டேன். அவர் ஆசையும் என் ஆசையும் ஒன்றுதான் என்பதுதான் கஷ்டம்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷனிடம் வேறென்ன வரும்? "இடிச்சுட்டா வண்டியை நிறுத்தி இறங்கணும். முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ இறங்கற ஆளுதான்" என்றார். அதற்குப் பிறகு சோறு இறங்கியது.

பிப்ரவரி 17, திங்கள்

தையல்காரரின் கடைக்குப் போனேன். ஒற்றை அறை, இரண்டு மிஷின். இரண்டாவது மிஷின் மூடிக் கிடந்தது. வேலை பார்த்த பெண் வருவதில்லையாம்.

மன்னிப்புக் கேட்டேன். தப்பு யாருடையது என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"உங்க மன்னிப்பை நான் என்ன மேடம் பண்றது? மாட்டிக்கவா முடியும்? இது ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதை அச்சுல போடுங்க."

போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆசிரியரைக் கேட்காமலே.

பிப்ரவரி 20, வியாழன்

ஆசிரியர் எழுதிய அறிவிப்பு மேஜைக்கு வந்தது. "தொழில்நுட்பக் காரணங்களால் படம் நீக்கப்படுகிறது." சரி, எழுதவாவது சம்மதித்தாரே. ஆனால் இதில் என்ன தொழில்நுட்பம்? படிக்காமல் டிக் போட்டதற்கு அப்படி ஒரு பெயரா?

பச்சை மையில் அடித்துவிட்டு நான் எழுதினேன்: நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய படத்தை வெளியிட்டோம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வெளியீட்டுக்கான சம்மதமாக நிர்வாகச் செயலாளர் ஏற்றுக்கொண்டது தவறு. கண்களை மறைத்தால் போதும் என்று நினைத்ததும் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அந்த நோயாளிக்கு இருந்தது போல், நுரையீரலைத் தொடாமல் கழுத்துக் கட்டியில் மட்டும் இருக்கும் காசநோய் தொட்டாலோ பேசினாலோ மற்றவருக்குப் பரவாது. அச்சுப் பிரதி வைத்திருப்பவர்கள் திருப்பி அனுப்பவும்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "உங்க பதவியைப் போட்டுத்தான் ஆகணுமா?"

"டிக் என்னோடது டாக்டர்."

பேனாவை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "ஆசிரியர் என்ற முறையில் முழுப் பொறுப்பும் என்னுடையது." கையெழுத்தும் போட்டார். இந்த மனுஷனிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தது வீண் போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

அறிவிப்பு முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. தையல்காரருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுரையை அனுப்பிய டாக்டரின் மன்னிப்புக் கடிதமும் கூடவே இருந்தது. இரண்டையும் படித்தார். உட்காரச் சொன்னார்.

இவர் ஒரு பிரதியை டிரைவிங் ஸ்கூலுக்கு எடுத்துப் போய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் பொண்டாட்டி பண்ண தப்பு, முதல் பக்கத்துல வந்திருக்கு பாருங்க" என்று காட்டியிருக்கிறார். பரிசு வாங்கினால்கூட இத்தனை அலட்டல் இருக்காது. மானம் போயிற்று என்று கத்தினேன். கத்திக்கொண்டே சிரித்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பட்டியல் குழுவின் பதில் வந்தது. முடிவு ஒரு வருடம் தள்ளிவைப்பு. சம்மதம் சரிபார்க்கும் முறையைத் திருத்திவிட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமாம்.

அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன். கோப்பு அறையில் நின்றுகொண்டு, நன்றாக.

ஆசிரியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம வண்டியையே மடக்கிட்டீங்களே டோல்கேட்டம்மா." கேலி மாதிரி ஆரம்பித்தார், முடிக்கும்போது கேலி இல்லை. வெளியே வந்து, அலுவலகத்தில் எல்லார் முன்னாலும், "மடக்கினது சரி" என்றார்.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டு வருட இதழ்களையும் புரட்டி முடித்தேன். இன்னும் நாலு படங்கள் தக்க சம்மதம் இல்லாமல் இருந்தன. எடுத்தோம், நாலுக்கும் அறிவிப்புப் போட்டோம். புதுப் படிவமும் தயார். அதில் முதல் வரி: "என் படம் அச்சில் எப்படி வருமோ அப்படியே எனக்குக் காட்டினார்கள். நான் பார்த்தேன்." வேறு இரண்டு இதழ்கள் இந்தப் படிவத்தைக் கேட்டு எழுதியிருக்கின்றன. தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்!

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைக்குத் தையல்காரர் அலுவலகத்துக்கு வந்தார். சிகிச்சை முடிந்து கட்டி ஆறிவிட்டது. ஆறியதைப் பற்றி அவருடைய டாக்டர் கட்டுரை எழுதியிருக்கிறார், புதுப் படத்தோடு. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் இல்லாமலே போடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

அச்சில் வரும் அளவிலேயே பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். குனிந்து, நிமிர்ந்து, தள்ளி நின்று பார்த்தார். பிறகு பையிலிருந்து, துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸ் துண்டை எடுத்தார். தாடைக்குக் கீழே ஒரு கோடு. படத்தில் தோளில் கிடந்த டேப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு. கை ஆடவில்லை.

"இதுக்கு வெளிய இருக்கறதை வெட்டிடுங்க மேடம். தழும்பு இருக்கட்டும். நல்லா ஆறியிருக்குல்ல?"

பக்கம் அமைப்பவர் எட்டிப் பார்த்து, மேலே அரை விரல் கூட விட்டால் பார்க்க நன்றாயிருக்கும் என்றார். "கோட்டுல வெட்டுங்க" என்றேன்.

தையல்காரர் படிவத்தை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். நான் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்துவிட்டு, பச்சை மையில் டிக் போட்டேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், அச்சானதும் எனக்கு ரெண்டு பிரதி வேணும். ஒண்ணு கடையில மாட்டணும்."