ஐந்து மில்லி

மார்ச் 3

இன்று அவள் தோளுக்குக் கீழே வலி மருந்துப் பேட்சை ஒட்டினேன். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதையும் மீறி வலி கிளம்பினால் மார்ஃபின் சிரப், ஐந்து மில்லி. ஒவ்வொரு வேளையும் நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

"ஸ்டாம்ப் ஒட்டியாச்சு. என்னை எந்த ஊருக்குங்க அனுப்பப் போறீங்க?" என்றாள் என் மனைவி. கேன்சர் இடுப்பெலும்பு வரைக்கும் வந்த பிறகும் வாய் மட்டும் அடங்கவில்லை.

மார்ச் 4

இரண்டும் ஒரே ரக மருந்தாம். முப்பது வருஷமாக வயரிங் செய்கிறவன் நான். ஏற்கெனவே லோடு ஓடுகிற லைனில் இன்னொன்றையும் மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மதியம் சிரப் குடித்துவிட்டுத் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் — வராமலே போய்விடுமோ?

மார்ச் 5

அளவு மூடியில் பாதி மருந்து, பாதி தண்ணீர். நோட்டில் ஐந்து மில்லி என்றே எழுதினேன்.

மார்ச் 8

"இன்னும் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்கிறாள். நேரமாகவில்லை என்கிறேன். தலையணை உறையைக் கடித்துக்கொள்கிறாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம்.

இன்று வேலைக்குப் போன வீட்டில், ஏணி மேல் நிற்கும்போது, அதே குரல். இன்னும் கொஞ்சம். குனிந்து பார்த்தால் யாரும் இல்லை. நான் செய்வது சரிதானே? உயிர் இருந்தால் போதாதா?

மார்ச் 10

டாக்டர் நோட்டை வரி வரியாகப் படித்தார். "ஒரு வேளை விடாம குடுத்திருக்கீங்க. அப்படியும் வலி கேக்கலைன்னா பேட்சைப் பெரிசாக்கிடலாம்" என்றார். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புதுப் பேட்சைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பொய்க்கு அளவெடுத்த மருந்து. இதையும் ஒட்டி, வேறு யாராவது ஒருநாள் சிரப்பை முழுசாகக் கொடுத்துவிட்டால்? எதுக்குப் பயந்தேனோ அதை நானே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேனே, பாவி.

டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"புதுசை ஒட்டிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஒட்டாதீங்க. பழசே இருக்கட்டும். சிரப்பை சொன்ன அளவுக்குக் குடுங்க. எழுப்பினா முழிக்கலைன்னா உடனே கூப்பிடுங்க. பேட்ச் நாள் பூரா இருக்கிற வலிக்கு. சிரப்பு திடீர்னு குத்துற வலிக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் அளவு போட்டிருக்கார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 11

ஐந்து மில்லி. தண்ணீர் கலக்கவில்லை. அரை மணி நேரத்தில் முகம் தளர்ந்தது, மடக்கியே வைத்திருந்த காலை நீட்டினாள். மூச்சு சீராக வந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"எனக்குத்தான் பொறுத்துக்கத் தெரியலன்னு நெனச்சேங்க" என்றாள். "என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

மார்ச் 12

ஏணி மேல் இன்னும் அந்தக் குரல் கேட்கிறது.

மார்ச் 16

அவள் தங்கை வந்து தங்கியிருக்கிறாள். என் மனைவிக்கு வலி மட்டுப்பட்டிருக்கிறது. நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுகிறாள்.

சாயங்காலம் மறுபடி வலி கிளம்பியது. மருந்து பாட்டில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலறைப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டாள்.