முந்தி ஓடும் கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்

கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது கூடத்துக் கடிகாரம் பத்தரை காட்டியது. அப்படியென்றால் பத்தேகால் இருக்கலாம், பத்து ஐந்தாகவும் இருக்கலாம். அதை அப்படி முன்னே வைத்த என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. எத்தனை நிமிடம் கூட்டி வைத்தார் என்று சொல்லாமலே போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த முதல் வாரமே கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளினார். "யாரும் எங்கேயும் லேட்டா போகக் கூடாது." நாங்கள் மனசுக்குள் பத்தைக் கழிக்கப் பழகினோம். அதை மோப்பம் பிடித்து, வாயைத் திறக்காமல் பதினேழாக்கினார். நாங்கள் பதினேழைக் கழித்தால் அவர் எட்டாக்குவார். இருபத்தெட்டு வருடம் இந்தப் போர் நடந்தது. "எத்தனைதாங்க கூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். "ராணுவ ரகசியம், கமாண்டர்!"

கமாண்டர் நான்தான். கையில் கரண்டியோடு.

மார்ச் 7, வெள்ளி

கைப்பேசியைப் பார்த்தால் சரியான நேரம் தெரிந்துவிடும், அவர் வைத்த கணக்கும் அம்பலமாகிவிடும். அதனால் கவிழ்த்தே வைத்திருக்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 11, செவ்வாய்

எங்கே போனாலும் நாங்கள்தான் முதல் ஆள். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகூடப் பிரித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் முனகுவார்கள். அவருக்கோ அப்போதுதான் கொண்டாட்டம். இனிமேல் வரப்போகிற ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவார். மூச்சு வாங்க வரும் என் அத்தை, வாசலிலேயே நின்று யாராவது வந்து கூப்பிடட்டும் என்று பார்க்கும் என் தம்பி. பிறகு அவர்களே அச்சு அசலாக அப்படியே வந்து நிற்பார்கள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவரோடு நிம்மதியாகப் பேசியதெல்லாம் அந்தக் காத்திருப்புகளில்தான். வீட்டில் ஏது நேரம்? அடுப்பு, பிள்ளைகள், அவருடைய சிநேகிதக் கூட்டம். இப்போது நான் ஏங்குவது அதற்குத்தான். ஒரு பெஞ்ச், பக்கத்தில் அவர், ஒரு பதினைந்து நிமிடம். வேறு எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பெரியவன் வந்திருந்தான். ஒழுகும் குழாயைச் சரி செய்தான், சமையலறை பல்பை மாற்றினான், நான் கடைக்குப் போய் வருவதற்குள் இன்னும் என்னென்னவோ செய்துவிட்டுப் போயிருக்கிறான். தங்கமான பிள்ளை. ஆனால் சிரிப்பு மட்டும் அப்பாவிடமிருந்து வரவில்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு, முன்னாள் வீரர்கள் சங்கத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். நான் பேச வேண்டுமாம். ஒரு தாள் எழுதிப் பார்த்தேன். "கடமை தவறாத வீரர்..." யார் இது? இந்த ஆளை எனக்குத் தெரியாதே!

கடமை என்றாலே எனக்குப் பழைய கோபம் ஒன்று கிளம்பும். பெரியவன் பிறக்கிற நேரத்தில் லீவு ரத்து என்று தந்தி வந்தது. பிள்ளைக்கு நாலு மாதம் ஆன பிறகுதான் முகம் பார்த்தார். பட்டாளத்தை நான் அதற்காக இன்னும் மன்னிக்கவில்லை. அதையா மேடையில் போய்ச் சொல்வது?

மார்ச் 23, ஞாயிறு

லேட். நான் லேட்!

கடிகாரம் ஒன்பதரை காட்டியபோது, எப்படியும் இருபது நிமிடம் கையில் இருக்கிறது என்று புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தால் அரங்கமே நிரம்பியிருக்கிறது. எல்லோரும் வாசலையே பார்க்கிறார்கள். சங்கத் தலைவர் ஓடி வந்தார். "உங்க வீட்டுலேர்ந்து யாரும் லேட்டா வந்ததே இல்லையேம்மா. பயந்தே போயிட்டோம்." சுவரில் மணி பத்து பதினைந்து. அப்போதுதான் உறைத்தது. பெரியவன் போன வாரம் என் கடிகாரத்தில் கை வைத்திருக்கிறான்.

மேடை ஏறினேன். தாளை எடுக்கவே இல்லை. ஏன் லேட் என்று மட்டும் சொன்னேன். பத்து, பதினேழு, எட்டு, கரண்டி, சல்யூட் எல்லாம். நினைவுக் கூட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இருந்திருந்தால் எழுந்து நின்று கும்பிடு போட்டிருப்பார்.

இறங்கி வந்ததும், அவரோடு மலை முகாமில் வயர்லெஸ் பார்த்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, அன்னிக்கு லீவு ரத்தாகல. கையிலதான் இருந்துச்சு. கிளம்புற காலையில எங்களுக்கு ஆபீஸர் மாதிரி நடிச்சுக் காட்டினாரு. இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு நாங்கதான் விடல. அஞ்சே நிமிஷம். கீழ இறங்குற வண்டி போயிடுச்சு. அன்னிக்கே பனி கொட்டி பாதை அடைஞ்சுது. நாலு மாசம் திறக்கல. வண்டி போன பக்கமே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கினாரு."

முப்பத்தெட்டு வருஷம். இதைச் சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒரு நாள் திட்டியிருப்பேன். சரி, ரெண்டு நாள். அவ்வளவுதானே? ஏங்க சொல்லல?

மார்ச் 24, திங்கள்

பெரியவனுக்கு போன் போட்டுக் கத்தினேன். "செல் தீரப் போகுதுன்னு மாத்தினேன்மா. அப்படியே நேரத்தையும் சரி பண்ணிட்டேன். தப்பா ஓடுற கடிகாரம் எதுக்கு?" என்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று அழுதுவிட்டேன். பிறகு வயர்லெஸ்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.



"என்னைப் பாக்க வர்ற வண்டியாம்மா அது?" என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

முள்ளை நானே முன்னே தள்ளலாம். ஆனால் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடுமே. தெரிந்தால் அதில் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 5, சனி

கடிகாரம் சரியாக ஓடுகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று மறுபடியும் கண் டாக்டர். அழைத்துப் போக, பெரியவன் லீவு போட்டு நேற்றே வந்துவிட்டான். காலையில் கூடத்தில் நின்று, "மணியாச்சு, கிளம்பும்மா, கிளம்பு" என்று ஒரே விரட்டு. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நானும் அலறி அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

போனால் கதவே திறக்கவில்லை. வாசலைப் பெருக்குகிற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய், எத்தனை நிமிஷம்டா கூட்டி வெச்சே?"

தெருவென்றும் பார்க்காமல் விறைத்து நின்றான். சல்யூட் சரியாக வரவில்லை, முழங்கை தொங்கியது.

"ராணுவ ரகசியம், கமாண்டர்."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டர் தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டு வருவதை நடித்துக் காட்டினான். அவன் அப்பா அளவுக்கு வராது. இருந்தாலும் முந்தானையைத் தேட வேண்டியதாகிவிட்டது. கதவு திறக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.